சிறுத்தைப் பல்லியும் மூன்று வெள்ளிக்கிழமைகளும்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜொஹரா பேகம் ஆட்டோவிலிருந்து இறங்கினார். மடியில் வைத்துக் கொண்டுவந்த கண்ணாடிப் பெட்டியை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. வடசேரியில் இருந்த அந்தக் கால்நடை மருத்துவமனையின் கம்பவுண்டர் எட்சன் இரண்டு முறை கை நீட்டிப் பார்த்தார். பிறகு வழி விட்டார்.

பெட்டிக்குள் ஒரு சாண் நீளத்தில் ஒரு சிறுத்தைப் பல்லி கிடந்தது. மஞ்சள் உடம்பு, கரும்புள்ளிகள், கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கும் தடித்த வால். கால்கள் விட்டுவிட்டு உதறின. வாயோரம் எச்சில் வழிந்தது. டாக்டர் ஷீஜா சிறிய விளக்கை அதன் கண்ணருகே பிடித்தார். கண்ணின் நடுவில் இருந்த பிளவு மயிரிழையாகச் சுருங்கியிருந்தது.

"இது ராணி. எனக்க மவன் பர்வேஸ் வளத்தது" என்றார் ஜொஹரா.

பர்வேஸ் எட்டு மாதத்துக்கு முன் பைக் விபத்தில் இறந்துவிட்டான். இருபத்திரண்டு வயது. அவன் விட்டுப்போனவற்றில் உயிரோடு இருந்தவை சுல்தான், ராணி என்ற இரண்டு பல்லிகள்தான். சுல்தான் போன வாரம் வெள்ளிக்கிழமை செத்தது. நேற்று, மறுபடியும் ஒரு வெள்ளிக்கிழமை, ராணி உதற ஆரம்பித்தது.

"விஷமாக்கும் டாக்டரம்மா. யாரு வச்சதுன்னும் எனக்குத் தெரியும். விஷம்னு ஒரு தாளுல எழுதித் தந்தாப் போதும்."

கோட்டாற்றில் உள்ள வீட்டில் ஜொஹராவும் அவருடைய மூத்த மருமகள் ரைஹானத்தும் மட்டுமே இருந்தார்கள். ரைஹானத்தின் கணவன் ஷமீருக்கு மஸ்கட்டில் வேலை. பல்லிகளுக்கு இரை போடுவது ரைஹானத் தான். அவளுக்குப் பல்லி என்றாலே அருவருப்பு. போதாததற்கு அவள் கட்டிலுக்கு அடியில் கரப்பான் மருந்து டப்பா ஒன்று ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. நாளை பிற்பகல், அஸர் தொழுகைக்கு முன், அவளுடைய அண்ணன் ஹனீபா தேங்காப்பட்டணத்திலிருந்து காரோடு வருகிறார். டாக்டரின் தாளைக் காட்டினால் ரைஹானத் அந்தக் காரில் ஏற வேண்டியதுதான், திரும்பி வர வேண்டியதில்லை. உம்மா சொல்வதுதான் முடிவு என்று ஷமீர் போனில் சொல்லிவிட்டான்.

ஒரு பல்லியின் நோயைப் பற்றி எழுதும் தாள் ஒரு பெண்ணை வீட்டை விட்டு வெளியேற்றக்கூடும் என்பதை டாக்டர் ஷீஜா அதுவரை யோசித்ததில்லை.

"எழுதித் தாறேன் உம்மா. ஆனா நான் பாத்ததத்தான் எழுதுவேன்."

ராணிக்கு ஊசி போட்டு, உடம்பைக் கழுவி, சூடான இடத்தில் வைத்தார்கள். ஜொஹரா போனதும் எட்சன் உற்சாகமாகிவிட்டார்.

"டப்பாவும் கிடைச்சாச்சு, ஆளும் கிடைச்சாச்சு. கேஸு எளுப்பம் டாக்டர், சட்டுன்னு முடிஞ்சிரும்."

"எளுப்பமா இருக்கதுதான் எட்சன் எனக்கு இடிக்குது."

சிறுத்தைப் பல்லி தன் எச்சத்தை எப்போதும் ஒரே மூலையில் இடும். டாக்டர் அந்த மூலையை இடுக்கியால் கிளறி லென்ஸ் வைத்துப் பார்த்தார். பழைய எச்சங்களில் இரையாகப் போட்ட கிரிக்கெட் என்ற சுவர்க்கோழிப் பூச்சிகளின் கறுப்புக் கால்கள் மட்டும் இருந்தன. ஆகக் கடைசியாக இட்டதில் கறுப்புத் தலையோடு மெல்லிய பச்சைத் தோல் ஒன்று இருந்தது. அதை ஒரு சிறு புட்டியில் போட்டு மூடினார். எட்சன் கேட்டதற்கு, தெரிந்த பிறகு சொல்வதாகச் சொன்னார்.

மாலையில் இருவரும் கோட்டாறு போனார்கள். பர்வேஸின் அறையில் சுல்தானுடைய காலிப் பெட்டி அப்படியே இருந்தது. ராணியின் பெட்டியும் மருத்துவமனைக்குப் போகும்வரை அதன் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. பராமரிப்பில் குறை இருக்கும் என்று நினைத்து எட்சன் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பெட்டியின் ஒரு பாதிக்கு அடியில் சூடு தரும் விரிப்பு இருந்தது. அங்கே தரை முப்பத்திரண்டு டிகிரி, மறு பாதி இருபத்தாறு. தோல் உரிக்கும்போது ஒதுங்க ஈரப்பாசி வைத்த குகை, ஆழமில்லாத தண்ணீர்த் தட்டு, மணலுக்குப் பதிலாகக் காகிதம். எல்லாம் சரியாகவே இருந்தன.

அலமாரியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. முதல் எட்டுப் பக்கம் பர்வேஸின் கையெழுத்து. பூச்சி, பல்லியின் இரண்டு கண்ணுக்கு நடுவில் உள்ள அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. கால்சியம் பொடியில் உருட்டித்தான் கொடுக்க வேண்டும். வளர்ந்த பல்லிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் இரை போதும். மிச்சப் பூச்சியை எடுத்துவிடு, தூங்கும்போது கடிக்கும். வீட்டுக்குள் எந்தப் பூச்சி மருந்தும் அடிக்கக் கூடாது. ஒன்பதாம் பக்கத்திலிருந்து வேறு கையெழுத்து: தேதி, நேரம், எதற்கு எத்தனை பூச்சி. எட்டு மாதத்தில் ஒரு இரைநாள் கூட விடுபடவில்லை. சுல்தான் செத்ததற்கு முந்தின வெள்ளிக்கிழமைக்கு நேரே, அது உதறிப் பிறகு தேறியது என்றும் குறித்திருந்தது.

ரைஹானத் கதவோரம் நின்றாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

"பல்லின்னா உங்களுக்கு அறப்புன்னு மாமி சொன்னாங்க" என்றார் டாக்டர்.

"ஆமா. இப்பவும் அறப்புதான். அதுக்காவ பட்டினி போட முடியுமா?"

கரப்பான் மருந்தை ஒரு மாதத்துக்கு முன் வாங்கியது மாமிதானாம். நோட்டில் எழுதியிருந்ததைப் படித்த ரைஹானத், அதை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். மாமியிடம் சொல்லியிருக்கலாமே என்று எட்சன் கேட்டார்.

"அவங்க மவன் எழுதினத அவங்களுக்கே நான் படிச்சுக் காட்டணுமா? அது வேற பேச்சாவும்."

யாரும் இப்படிச் சொல்லலாம் என்று எட்சன் முணுமுணுத்தார். டாக்டர் பூச்சி வளர்க்கும் பிளாஸ்டிக் தொட்டியைத் திறந்தார். கேரட் துண்டுகளுக்கு நடுவே பூச்சிகள் துள்ளிக்கொண்டிருந்தன. நான்கைப் பிடித்து, அந்த வீட்டுக் கால்சியம் பொடியிலேயே உருட்டி, துளையிட்ட புட்டியில் போட்டு எட்சனிடம் கொடுத்தார்.

பிறகு பெட்டிகளின் கம்பிவலை மூடிகளைப் பார்த்தார். இரண்டின் நடுவிலும் உள்ளங்கை அளவுக்குப் புதுத் துரு. ராணியின் மூடியில் ஒரு நூல் வாழைநார் சிக்கியிருந்தது. வியாழக்கிழமைகளில் இந்த அறையில் என்ன நடக்கும் என்று ஜொஹராவிடம் கேட்டார்.

"அந்தி மஃரிபு தொழுகை கழிஞ்சு அவனுக்கு பாத்திஹா ஓதுவேன். இவ அப்போ அடுப்படியில நிப்பா. ராணி அந்நேரம் வெளிய வந்து தலையத் தூக்கிப் பாக்கும். சுல்தானும் அப்பிடித்தான்."

டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. திரும்பும் வழியில், தான் நினைப்பது தவறாக இருந்தால் நல்லது என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பிற்பகல்வரை நான்கு பூச்சிகளும் உயிரோடு இருந்தன. ராணியின் உதறலும் நின்றுவிட்டது. இமைகளை மூடித் திறந்தது, நாக்கால் தண்ணீரைத் தொட்டது. அதையும் எடுத்துக்கொண்டு கோட்டாறு போகும் வழியில் டாக்டர் பூக்கடையில் நிறுத்தச் சொல்லி, தோவாளைப் பூச்சந்தையிலிருந்து வந்த பிச்சிப்பூ ஒரு பொட்டலம் வாங்கினார்.

ஹனீபா அதற்குள் வந்திருந்தார். ரைஹானத்தின் துணிப்பெட்டி வாசலருகே இருந்தது. டாக்டர் எல்லோரையும் பர்வேஸின் அறைக்கு அழைத்தார். மேசையில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, அதன்மேல் பூவைக் கொட்டினார். பிறகு நோட்டைத் திறந்தார்.

"இது விஷந்தான். அதுல உம்மா சொன்னது சரி" என்றார். "மூணு வெள்ளிக்கிழமை. முத வெள்ளி சுல்தான் உதறிட்டுப் பிழைச்சுது. ரெண்டாவது வெள்ளி செத்துது. மூணாவது ராணி. ஆனா இரை போட்டது ரெண்டுக்கும் ஒரே நாள், ஒரே தொட்டியிலயிருந்து. தொட்டியில விஷம் இருந்தா ரெண்டும் சேர்ந்து விழுந்திருக்கணும். பூச்சியும் செத்திருக்கணும். பூச்சி சாகல்ல. பொடியில உருட்டினதும் இன்னா உயிரோட இருக்கு."

எட்சன் புட்டியை உயர்த்திக் காட்டினார்.

"அவ ஒண்ணுக்கு மட்டும் தனியா குடுத்திருக்கலாமே" என்றார் ஜொஹரா.

"நானும் அத நினைச்சேன். சுல்தான் செத்த வெள்ளிக்கு முன்ன கடைசி இரை போட்டது புதன்கிழமை. அந்த இரையில இருந்தா வியாழன் காலைலயே உதறியிருக்கும். வியாழன் சாயங்காலம் நல்லாத்தான் வெளிய வந்து பாத்துதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்போ விஷம் போனது அதுக்குப் பொறவு. அந்நேரம் ரைஹானத் இந்த அறையிலயே இல்ல. அதுவும் நீங்க சொன்னதுதான்."

டாக்டர் சிறு புட்டியை மேசையில் வைத்தார். ராணியின் எச்சத்தில் இருந்தது ஒரு புழுவின் தோல் என்றும், அந்தப் புழு தொட்டியில் கிடையாது என்றும் சொன்னார். அது எங்கே இருக்கும் என்று எட்சன் கேட்டார். டாக்டர் மேசையைக் காட்டினார்.

வெள்ளைத்தாளில் பிச்சி மொட்டுகளுக்கு நடுவிலிருந்து பச்சைப் புழு ஒன்று வெளியே ஊர்ந்துகொண்டிருந்தது. சிறிது நேரத்தில் இன்னொன்றும் வந்தது.

"மொட்டுப்புழு. மழைக்காலத்துல இது கூடும்னு தோட்டத்துல மருந்து அடிப்பாங்க. சாவாமத் தப்பின புழுவுக்க உடம்புல மருந்து இருக்கும். பூ வாடாம இருக்க தெளிக்குத தண்ணியிலயும் அது கரைஞ்சு சொட்டும். மனுசனுக்கு அது ஒண்ணும் செய்யாது. அம்பது கிராம் எடையுள்ள பிராணிக்கு அது போதும். மூடியில துரு புடிச்ச இடத்துல ஈரமான ஏதோ ஒண்ணு விடிய விடிய இருந்திருக்கு. அதுல இருந்த புழு வலைக்க ஓட்ட வழியா உள்ள விழுந்திருக்கும். சுல்தான் இருக்க வரைக்கும் சுல்தானுக்க மூடியில. அது போன பொறவு ராணிக்க மூடியில."

பூவை வைத்தது யார் என்று அவர் சொல்லவில்லை. எட்சன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டர் அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். பள்ளிவாசலில் அஸருக்கு பாங்கு சொல்லி முடிந்தது.

"பூவ வச்சது நானாக்கும்" என்றார் ஜொஹரா.

முன்பெல்லாம் பாத்திஹா ஓதிய பூவைத் தட்டிலேயே வைத்துவிடுவாராம். மூன்று வாரத்துக்கு முன் ஒருநாள் கை மறதியாகச் சுல்தானின் மூடிமேல் வைத்திருக்கிறார். உடனே அது குகையிலிருந்து வெளியே வந்து தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறது.

"அவன் போன பொறவு அது யாரையும் அப்பிடிப் பாத்ததில்ல. ஓதுனது அதுக்குத் தெரிஞ்சுதுன்னு நெனச்சேன். எனக்க பிள்ளைய அதுக்கு ஓர்மை இருக்குன்னு நெனச்சேன்."

புழுவைப் பார்த்துத்தான் அது வந்தது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. டாக்டர் அதைச் சொல்லவில்லை.

ஹனீபா எழுந்து நின்றார். அவர் குரல் உயரவில்லை.

"எனக்க தங்கச்சிக்கு இந்த வீட்டுல ஒரு வாரமா என்ன பேருன்னு ஓர்மை இருக்கா மாமி? ஊர்ல நாலு வீட்டுக்கு அது தெரியும்."

"தெரியும் மோனே. அந்த நாலு வீட்லயும் நான் போயிச் சொல்லுதேன், பழி எனக்காக்கும்னு. ஷமீருட்டயும் நானே சொல்லுதேன். அவளக் கொண்டு போவாண்டாம்."

எல்லோரும் ரைஹானத்தைப் பார்த்தார்கள். அவள் நோட்டை மூடி அலமாரியில் வைத்தாள்.

"நான் போறேன் மாமி" என்றாள். "நீங்க அனுப்பி நான் போவல்ல. நானாப் போறேன், வியாழக்கிழமை நானா வாறேன். அதுவரைக்கும் இரை நீங்கதான் போடணும்."

"எனக்குப் பூச்சியத் தொடப் பயம் புள்ள."

"எனக்கும்தான்."

ராணிக்கு இன்று ஒரு சிறு பூச்சி கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரைஹானத் தொட்டியிலிருந்து ஒன்றைப் பிடித்து, பொடி இருந்த கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி, இடுக்கியில் கவ்வி மாமியாரின் கையில் கொடுத்தாள். ஜொஹரா இடுக்கியைத் தளர்த்திவிட்டார். பூச்சி நழுவித் தரையில் விழுந்து கட்டிலுக்கு அடியில் ஓடியது. ரைஹானத் இன்னொன்றைப் பிடித்தாள்.

இரண்டாவது பூச்சி ராணியின் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. ராணி அசையவில்லை. ஜொஹரா கையை இழுக்கப் போனார்.

"இருங்க மாமி. அதுக்கு நேரம் குடுக்கணும்."

ரைஹானத் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இடுக்கியைக் கொஞ்சம் தாழ்த்தினாள். பிடித்த கையை எடுக்கவில்லை. ஹனீபா அவளுடைய பெட்டியைக் காரில் வைத்துவிட்டு எஞ்சினை முடுக்கியிருந்தார். ஜன்னல் வழியாக இருவரையும் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.