பலாலிக்கு அரை மணித்தியாலம்

"நாளைக்குக் காணி விசாரணை, அக்கா. அம்மாவோட பெர்மிட் களவு போயிருச்சு" என்று சுமித்திரா வாசலில் நின்றபடியே அழுதாள்.

பரந்தன் ஞானேஸ்வரி நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருடம் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எது தொலைந்தாலும் அவரிடம்தான் வருவார்கள். "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"செவ்வாக்கிழமை ரெண்டரைக்கு அம்மா அலுமாரியில பார்த்தாங்க. மூணே காலுக்கு வந்தா பூட்டு உடைஞ்சு கிடக்கு. வேற எதுவும் போகல."

கந்தோரில் இருந்த மற்றப் பிரதி போரில் எரிந்துவிட்டது. அந்த அரசாங்க அனுமதித் தாள் இல்லாவிட்டால், மலையகத்திலிருந்து வந்த தாய் ராக்காயி காடு வெட்டித் திருத்திய மூன்று ஏக்கர் வயல், உரிமை கேட்டு வந்திருக்கும் சின்னராசாவுக்குப் போய்விடும். அவர் 2001இல் கொழும்பு வழியாக லண்டனுக்குப் போனவர். எட்டியும் பார்க்காத காணி தன் தகப்பனுடையது என்று இப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்கிறது.

"வேற ஆர்? அந்தாள்தான்!" என்றான் ஆட்டோ ஓட்டும் வினோதன். ஞானேஸ்வரிக்குத் துணைத் துப்பறிவாளன் என்பது அவன் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பதவி.

கிளிநொச்சி விடுதியில் சின்னராசா அவர்களை இருக்கச் சொல்லவில்லை. அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி கழற்றாத பேர்வழி.

"தேயிலை கிள்ளின சனத்துக்கு வயல் என்னத்துக்கு?" என்று விமான ரிக்கெற்றை மேசையில் எறிந்தார். "செவ்வாய் ரெண்டு மணிக்குத் திருச்சியில ஏறினனான். மூண்டுக்குப் பலாலி எயாப்போட். அங்கையிருந்து பரந்தனுக்குப் பறந்தோ வந்தனான்?"

"ஒரு மணித்தியாலப் பயணமோ?" என்று கேட்டார் ஞானேஸ்வரி.

"அரை மணித்தியாலம்தான். மற்ற அரை மணி, ரெண்டு நாட்டு நேர வித்தியாசம், தங்கச்சி. பிளேன் ஏறாத ஆக்களுக்கு உது விளங்காது. இறங்கினவுடனை மணிக்கூட்டை அரை மணி கூட்டி வச்சனான். பிறகு தொடவேயில்லை."

தங்க மணிக்கூட்டை எல்லோரும் பார்க்கும்படி கையை நீட்டினார். ஞானேஸ்வரி பார்த்தார். பத்தேகால். வினோதனின் கைபேசியிலும் பத்தேகால்.

"பாஸ்போட்டைக் காட்டுங்கோ!" என்றான் வினோதன்.

"உனக்கோ? போடா."

மறுநாள் விசாரணையில் காணி அலுவலர் முன்னால் ஞானேஸ்வரி வரைபடத்தை விரித்தார்.

"திருச்சிக்கும் பலாலிக்கும் நேர்கோட்டில நூற்றெண்பது கிலோமீற்றர், ஐயா. சின்னக் காத்தாடிப் பிளேன். ஓடுபாதையில ஊர்ந்து, ஏறி, இறங்கி முடிய ஒரு மணித்தியாலம் சரி. நேர வித்தியாசத்துக்கு மிச்சமில்லை. ஏனெண்டா வித்தியாசமே இல்லை."

"அரை மணி இருக்கு" என்று சின்னராசா சிரித்தார்.

"அது நீங்கள் போகேக்க இருந்தது. கொழும்புக்கு அரை மணி கூட்டின புது நேரம், வன்னிக்குப் பழைய நேரம் எண்டு ஓமந்தைச் சோதனைச் சாவடியில மணிக்கூடு திருப்பினது எங்களுக்கு மறக்காது. 2006இல நாடு முழுக்கப் பழைய நேரத்துக்கே வந்திட்டுது. இந்திய நேரமும் அதுதான். செவ்வாய்க்கிழமை அரை மணி கூட்டியிருந்தா உங்கட மணிக்கூடு இப்ப பிழையா நிக்க வேணும். அது சரியா நிக்குது. நீங்கள் அந்தப் பிளேனில ஏறவேயில்லை. ரிக்கெற்றை மட்டும் வாங்கி, அதில இருந்த நேரத்தைக் கழிச்சுப் பாத்துக் கதை சொன்னனீங்கள். எண்டைக்கு, எந்த விமான நிலையத்தால வந்தனீங்கள் எண்டது பாஸ்போட்டில குத்தின முத்திரையில இருக்கும். ஐயாவுக்குக் காட்டுங்கோ."

அலுவலர் கையை நீட்டினார். சின்னராசா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வினோதன் அதைப் பறித்துக் கவிழ்த்தான். பாஸ்போட்டோடு பெர்மிட்டும் மேசையில் விழுந்தது. விடுதி வேலையாட்களைக் கள்ளர் என்று நினைத்து, களவெடுத்ததைக் கையோடு கொண்டு திரிந்திருக்கிறார்!

"பிள்ளை, பொலிசுக்குப் போக வேண்டாம்" என்றார் சின்னராசா சுமித்திராவிடம். முதல் தடவையாகக் கண்ணாடி கழன்றிருந்தது.

சுமித்திரா பெர்மிட்டில் இருந்த தாயின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தாளை மடித்தாள்.

"பொலிசுக்குச் சொல்றது ஐயா பாடு. நீங்க எங்க வயல் பக்கம் மட்டும் வராதீங்க. நான் நாயைக் கட்டிப் போட மாட்டேன்."