மூக்கனின் கர்ப்பம்

"பயனர் மூக்கன். எழுபது வயது ஆண். கர்ப்பத்துக்கு வாய்ப்பில்லை. மருத்துவர் இணைப்பு மறுக்கப்படுகிறது" என்றது வலைப்பருந்து.

சடைச்சிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கர்ப்பம் அவள் மகள் வெள்ளச்சிக்கு. கால் வீங்கி, தலை சுற்றிப் படுத்துக் கிடக்கிறாள். ஆனால் ஜவ்வாது மலையின் அந்தச் சிற்றூரில் வலைக்குத் தெரிந்தவர் ஊர்க்கவுண்டர் மூக்கன் ஒருவர்தான். ஊருக்கு எது வந்தாலும் கவுண்டர் கையால் வாங்குவது வழக்கம். கைபேசிக் கோபுரம் நட முடியாத மலைகளுக்கென்று இணைய வலையைச் சுமந்து இந்தப் பறக்கும் இயந்திரம் வந்தபோதும் அவரே முகம் காட்டி வாங்கினார். அன்றிலிருந்து ஊராரின் ரேஷன், பாடம், மூட்டுவலி எல்லாமே அவர் கணக்கில்தான்.

"எல்லாரும் தனித்தனியா மூஞ்சியக் காட்டினாத்தான் ஆவும், மாமா" என்றாள் கவுண்டரிடம்.

"நான் வாங்கினா ஊரே வாங்கின மாதிரிதான. இன்னிக்கி இன்னா புதுசா?"

"உங்களுக்குப் புள்ள பொறக்கப் போவுதுன்னு மிசினு நம்ப மாட்டேங்குதே."

கவுண்டர் சரியென்று தலையாட்டினார். ஆனாலும் ஊர் அசையவில்லை. கவுண்டரை மீறியதாகிவிடும் என்று பயந்தார்கள். சடைச்சி வீடு வீடாக ஏறி இறங்கினாள். கெஞ்சினாள், திட்டினாள். கடைசியில் கவுண்டரே பருந்தின் அடியில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் கூப்பிட்ட பிறகுதான் வந்தார்கள். பருந்து வந்துபோகும் கொஞ்ச நேரமெல்லாம் முகம் காட்டுவதிலேயே போயிற்று. ஒருவழியாக வெள்ளச்சியும் பதிவானாள். அடுத்த முறை மருத்துவர் பேசுவார் என்று பதில் வந்தது. சடைச்சிக்குப் போன உயிர் திரும்பியது.

அடுத்த முறை பருந்து தரையிறங்கவே இல்லை. தலைக்கு மேல் நின்றபடி பேசியது.

"பயனர் மூக்கனின் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. புதிய பயனர்கள் எவருடைய தேவையும் குறைந்தபட்ச அளவை எட்டவில்லை. சேவை வேறிடம் செல்கிறது."

"எல்லாருதையும் கூட்டிப் பாரு, பாவி" என்று கத்தினாள் சடைச்சி.

"தேவை தனிமனிதருக்கு மட்டுமே கணக்கிடப்படும்."

"அப்ப எல்லாத்தையும் என் பேர்லயே போட்டுக்க" என்றார் கவுண்டர், வானத்தைப் பார்த்துக் கைகூப்பி.

"ஒருவர் பெயரில் இன்னொருவர் பயன்படுத்துவது குற்றம்" என்று சொல்லிவிட்டுப் பருந்து மலையைத் தாண்டிப் போய்விட்டது.

வெள்ளச்சியைக் கீழே கொண்டுபோக மூங்கில் வெட்டி டோலி கட்டினார்கள். ஒருவர் தோளுக்கு அது ஆகாது. மாற்றித் தூக்க ஊரே கிளம்பியது.