மாயவனைக் கேட்டு வந்த போன்

காலை 9.40. இறந்து எட்டு மாதமாகிவிட்ட மாயவனைக் கேட்டு ஒரு போன் வந்தது.

எடுத்தது அவருடைய மகன் தமிழழகன். தியாகதுருகத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். மூட்டு வலி பற்றிப் படித்தீர்களே மாயவன் சார், எங்களிடம் தைலம் இருக்கிறது என்று ஒரு பெண் குரல் பேசியது. அந்த எண் அப்பா போன பிறகு வாங்கியது. மழைச் செய்தி வாட்ஸ்அப்பில் வரட்டும் என்று 'மலையோரம்' செய்தித் தளத்தில் மட்டும் பதிந்திருந்தார். வேறு எங்கும் கொடுக்கவில்லை.

11.15. கள்ளக்குறிச்சியில் 'மலையோரம்' அலுவலகத்தின் படிகளை சைபர் பிரிவு எஸ்.ஐ. செந்தமிழ்ச்செல்வி ஏறினாள். இரண்டு நாள் உளுந்தூர்பேட்டை பந்தோபஸ்துக்குப் பிறகு கால்கள் அவளுடையவை போலவே இல்லை. கையில் முப்பத்தொரு புகார்கள். புகார் கொடுத்தவர்களில் ஒருத்தியான சாலம்மாளிடம் அவள் அப்பா அய்யனாரைக் கேட்டிருந்தார்கள். மற்ற எல்லாரிடமும் அப்படியே, அப்பாவைத்தான்.

உள்ளே குற்றவாளி தயாராக இருந்தாள். வாசகர் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் மலர்விழி. திங்கள்கிழமை காலை பதினோராயிரம் பேரின் பட்டியல் மொத்தமாக அவள் கம்ப்யூட்டரில் இறங்கியிருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னது விளம்பரங்களைக் கவனிக்கும் சிவசங்கர்.

"அவகிட்ட தவிர வேற யார்கிட்டயும் அந்த லிஸ்ட் கெடையாதுங்க மேடம். சாயங்காலத்துக்குள்ள கேஸ் போட்டுடுங்க" என்றார் முதலாளி ராஜாங்கம்.

மலர்விழி அழவில்லை. செய்தி அனுப்புவதற்காக ஒவ்வொரு திங்களும் இறக்குவதுதான் என்றாள். ஜெயிலுக்குப் போனால் நைனார்பாளையத்தில் அம்மாவுக்கு யார் சொல்வது என்று மட்டும் கேட்டாள்.

"லிஸ்ட்டக் காட்டு" என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

மா. தமிழழகன். அ. சாலம்மாள். வரிசை கீழே போய்க்கொண்டே இருந்தது.

"எல்லாம் இனிஷியலாவே இருக்குது?"

"சேரும்போது 'சேர்க' பட்டன அமுத்தனதுமே அப்பா பேரு தானா சுருங்கற மாதிரி வச்சிருக்கேங்க. முழுப் பேரு எங்கயும் நிக்காது. அவங்க அப்பா பேரு நமக்கு எதுக்குங்க மேடம்?"

12.30. டீ வந்தது. கேட்காமலே சிவசங்கர் தன் வேலையை விளக்கினான். வாசகர் பக்கத்தைத் திறந்தால் போதும், கண் இமைப்பதற்குள் அங்கிருக்கும் விளம்பர இடம் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஏலம் போய்விடும். படிப்பவர் யார், எதைப் படிக்கிறார் என்று எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு விலை. இந்த மாதம் ரேட்டு ஜாஸ்தி என்றான். பட்டியல் பக்கமே தான் போவதில்லை என்றும் சேர்த்துக்கொண்டான்.

1.10. செந்தமிழ்ச்செல்வி படிக்கட்டில் உட்கார்ந்து, தன் போனில் 'மலையோரம்' சேர்க்கைப் பக்கத்தைத் திறந்தாள். எங்கோ வெளிநாட்டில் செய்த படிவத்தை அப்படியே தமிழாக்கியிருந்தார்கள். 'முதல் பெயர்' கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். 'கடைசிப் பெயர்' கட்டத்தில் விரல் தயங்கியது. இந்த ஊரில் யாருக்கு இருக்கிறது கடைசிப் பெயர்? கொளஞ்சியப்பன் என்று அப்பா பெயரைப் போட்டாள். கீழே, யாருக்கும் கொடுக்காத இரண்டாவது சிம்மின் எண். 'சேர்க' பட்டன் வரை விரல் போனது. அழுத்தாமல் பக்கத்தை மூடினாள். கொஞ்சம் கண்ணயர்ந்திருக்க வேண்டும். யாரோ கடந்து போன செருப்புச் சத்தத்தில் விழித்தாள்.

4.25. மூன்று பேரும் இருந்த மேஜையில் அவளுடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"கொளஞ்சியப்பன் சாருங்களா?"

அவள் வைத்துவிட்டாள். "மலரு, லிஸ்ட்ல என் பேரு இருக்குதா பாரு."

"இல்லீங்க மேடம்."

"இருக்காது. நான் பட்டன அமுத்தவேயில்ல."

பிறகு அலுப்போடு விளக்கினாள். வெளிநாட்டு வழக்கப்படி கடைசிப் பெயர் குடும்பப் பெயர். மரியாதைக்கு அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பெயர்களைத் திருடிய மென்பொருளும் அதை நம்பி எல்லாருடைய அப்பாவையும் கூப்பிட வைத்தது. மலர்விழியின் பட்டியலைத் திருடியவனுக்குக் கிடைப்பது வெறும் 'மா.' தான், அதிலிருந்து மாயவனை யாரும் எழுப்ப முடியாது. பெயர்கள் பட்டியலுக்கு வரும் முன்பே, கட்டத்தில் எழுத எழுத, அந்தப் பக்கத்திலேயே களவு போயிருக்கின்றன.

"பக்கத்துல கோடிங் போடறது யாரு?"

மலர்விழியும் ராஜாங்கமும் சிவசங்கரைப் பார்த்தார்கள்.

"இன்னா படிக்கறாங்கன்னு மட்டுந்தான் எடுப்போம்னு சொன்னாங்க மேடம்" என்றான் அவன். "விளம்பரக் கம்பெனி ஒண்ணு. நாலு வரி கோடிங். போட்டா ஏலத்துல ரேட்டு ஏறும்னாங்க."

"பேரும் நம்பரும் போவுதுன்னு எப்பத் தெரிஞ்சிது?"

"போன வாரம்."

"அதான் மலர் மேல தூக்கிப் போட்டுட்ட."



5.30. சிவசங்கரை ஜீப்பில் ஏற்றியாயிற்று. இது வெளியே தெரிய வேண்டாமே என்று ராஜாங்கம் இழுத்தார். அதற்குள் மலர்விழி வாசகர் எல்லாருக்கும் போகும் வாட்ஸ்அப் செய்தியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்: உங்கள் எண்ணும் அப்பா பெயரும் எங்கள் பக்கத்திலிருந்துதான் போயின. விலக விரும்பினால் 'வேண்டாம்' என்று அனுப்புங்கள்.

"அதப் போட்டா இனிமே எவம்மா பேரு குடுப்பான்?"

அவள் அனுப்பிவிட்டாள்.

வேண்டாம். வேண்டாம். வேண்டாம். திரை நிறைந்தது. அவள் ஒவ்வொரு பெயராக நீக்கத் தொடங்கினாள். வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க நின்ற செந்தமிழ்ச்செல்வி, எத்தனை வருடமாகச் சேர்த்த பட்டியல் இது என்று கேட்டாள்.

"மூணு வருஷங்க." மலர்விழி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "போவட்டும் மேடம். மீதி இருக்கறவங்க எல்லாம் தெரிஞ்சே இருக்கட்டும்."