இரண்டு ரப்பர் பேண்ட்

அன்றும் இருளப்பன் மகளின் சாப்பாட்டு டப்பாவுக்கு இரண்டு ரப்பர் பேண்ட் மாட்டினார். தக்காளிச் சோற்றுக்கு ஒன்றே தாராளம். ஆனாலும் இரண்டு போட்டால்தான் அவருக்குக் கை அடங்கும். டப்பாவைப் பொற்கொடியின் பையில் திணித்துவிட்டு மினி பஸ் எடுக்கப் போனார். பதினொரு மணிக்கு வண்டியை ஒழுங்காக ஓரங்கட்டி நிறுத்தி, ஸ்டியரிங் மேலேயே சாய்ந்து உயிரை விட்டார். பயணிகள் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அதற்கு முந்தின வாரம்தான் வீட்டில் முன்நிழல் எடுத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு வந்துவிட்டால் விருதுநகரில் எல்லாப் பிள்ளைக்கும் அது உண்டு. ஒரு பெட்டி ஏழு நாள் அலமாரியில் உட்கார்ந்து வீட்டைக் கவனிக்கும், கேள்வி கேட்கும். பிறகு பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நிழல் செய்து, அந்த நிழல்களைத் தனக்குள் இருக்கும் ஒரு கற்பனைக் கல்லூரிக்கு அனுப்பிவைக்கும். அங்கே நான்கு வருடம், இங்கே நாற்பது நாள். எந்தப் பாடத்தில் இடறினோம், எதற்கு அழுதோம் என்று பிள்ளையின் நிழல் தினமும் கடிதம் எழுதும். பிள்ளை அதைப் படித்து இப்போதே தயாராக வேண்டும். முடிவில் வரும் அறிக்கை இல்லாமல் எந்தக் கல்லூரியும் கதவைத் திறக்காது.

கேள்வி நாளன்று இருளப்பன் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்தார்.

"வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?" என்றது பெட்டி.

"இங்கிலீஷ்தான்" என்றார் கூசாமல்.

"மகளிடம் கண்டிப்பாக இருப்பீர்களா?"

"ரொம்ப. என்னையக் கண்டா நடுங்கும்."

பொற்கொடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏப்பா, இப்படியா புளுகுவீங்க?"

"சும்மா இரு தாயி. டிரைவர் வீட்டுப் பிள்ளன்னு காலேஜ்ல இளக்காரமாப் பாத்துரக் கூடாதுல்ல. பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட உண்மையவா சொல்றோம்?"

இருளப்பனின் காரியம் முடிந்த மறுநாள் முதல் கடிதம் வந்தது. 'அப்பா விடுதிக்கு வந்தார். கோட்டு போட்டிருந்தார். வார்டனிடம் ஆங்கிலத்தில் வானிலை பற்றிப் பேசினார். சத்தமாகச் சிரித்ததற்கு என்னைக் கண்டித்தார்.'

"கோட்டாம்ல" என்றாள் அம்மா செவந்தி. "கழுத்துப் பட்டன் போட்டாலே மூச்சு முட்டுதும்பாரு." பதினாறு நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் அன்றுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் தினமும் சாயங்காலம் இருவரும் கடிதத்துக்குக் காத்திருந்தார்கள்.

கடிதம் வரத் தொடங்கிய மூன்றாம் வாரம் வகுப்பாசிரியை ரெபேக்கா பொற்கொடியைக் கூப்பிட்டார். "வீட்டுல ஆளு குறைஞ்சா பழைய முன்நிழல் செல்லாதும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டா அழிச்சிட்டுப் புதுசா எடுக்கலாம். இல்லேன்னா உனக்கு அறிக்கை வராது."

"அழிச்சா அவரும் போயிருவாருல்ல டீச்சர்?"

"ஆமா" என்றார் ஆசிரியை, மெதுவாக.

"அது உங்கப்பாவே இல்லத்தா" என்றாள் செவந்தி, வீட்டுக்கு வந்து சொன்னதும். "கோட்டுப் போட்ட யாரோ. உங்கப்பா அம்புட்டுப் பொய் சொன்னதே நீ காலேஜ் போகணும்னுதானே? போடு கையெழுத்த."

நியாயம்தான். பொற்கொடிக்குப் பேனா எடுக்கக் கை வரவில்லை.

வியாழக்கிழமைக் கடிதம்: 'அப்பா சாப்பாடு கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் அறிவுரை சொல்லிக்கொண்டே டப்பாவை நீட்டினார். அதில் இரண்டு ரப்பர் பேண்ட் இருந்தன. ஏன் இரண்டு என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.'

பெட்டி அதைப் பற்றிக் கேட்கவே இல்லை, இருளப்பனும் சொல்லவில்லை. ஏழு நாளும் அலமாரியிலிருந்து அவர் கையைப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். பொற்கொடி கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். ஏழு நாள் பார்த்த பெட்டியே மறக்கவில்லை, தினமும் பார்த்த நான் மறப்பேனா என்று நினைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலை கையெழுத்துப் போட்டாள்.

திங்களன்று பெட்டி மறுபடி அலமாரிக்கு வந்தது.

"வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?"

செவந்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இங்கிலீஷ்தான்."

பொற்கொடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பள்ளிக்கு நேரமாகிவிட்டது. டப்பாவை மூடினாள். எலுமிச்சைச் சோறு, ஒன்றே தாராளம். இரண்டு போட்டாள்.