மூன்று விசில்

எதிரொலி வரவில்லை.

ஜெஸி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் காத்துப் பார்த்தாள். அமீரகத்து ராசல் கைமா மலைக்குள் இந்தப் பாறையிடுக்கின் வாசலில் நின்று ஒன்று ஊதினால் மூன்றாகக் கேட்கும். கல் சர்வேக்கு வரும்போதெல்லாம் அவளும் புருஷன் பர்னபாஸும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

சர்வே விதிப்படி ஒன்று ஊதினால் நலம், மூன்று ஊதினால் ஆபத்து. போன வருஷம் உள்ளே போன பர்னபாஸிடமிருந்து மூன்று கேட்டது. ஒன்றுதான் எதிரொலித்து மூன்றாகிறது என்று நினைத்து, பாவி, பதிலுக்கு ஒன்று ஊதிவிட்டு வண்டியில் உட்கார்ந்து டீ குடித்தாள். அப்புறம் வெள்ளம் வந்தது. அவன் உடம்புகூடக் கிடைக்கவில்லை. அந்த மூன்றைப் பற்றி அவள் இன்றுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அன்று லீவிலிருந்து, இன்று அவளைக் கூட்டி வந்திருக்கும் டிரைவர் செய்கு அலாவுதீனுக்கும் தெரியாது.

"சீக்கிரம் வந்துரு தங்கச்சி. மூணு கேட்டா ஒண்ணுதானே? வழக்கம்போல ஒரு ஹாரன் அடிக்கிறேன்."

அந்த எதிரொலிக் கணக்கை அவள்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது. 'இல்லண்ணே' என்று தொண்டைவரை வந்தது. சொன்னால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். சரியென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

உள்ளே வெயில் உச்சியில் ஒரு கீற்றாய் மெலிந்துபோக, சுவரிலிருந்து ஈரமண்ணும் துருவும் கலந்த வாடை எழும்ப, காலடியில் சரளை நொறுங்குவது அவளுக்குப் பின்னாலிருந்தும் கேட்டுக்கொண்டிருந்தது. நின்றாள். அதுவும் நின்றது.

வெள்ளம் ஏறிய கோட்டுக்குக் கீழே சுவர் புதிது. போன வருஷம் புரண்டு வந்த கூழாங்கற்கள் ஒன்றோடொன்று இறுகிக் கிடந்தன. சுத்தியலால் தட்டினாள். ணங். பாறை! இப்படி இறுக ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும்.

முகத்துக்கெதிரே விசில் கேட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று.

கற்களுக்கு நடுவே ஆரஞ்சு விசில். அதைக் கவ்விய பற்கள். கல்லாகிப்போன கன்னம். அவள் முத்தமிட்ட கன்னம்.

"மன்னிச்சிருங்க. கேட்டுது எனக்கு. மூணும் கேட்டுது," என்று விம்மியபடி அந்தக் கன்னத்தைத் தொட்டாள்.

சுவரிலிருந்து விரல்கள் பிதுங்கின. மணிக்கட்டைப் பிடித்தன. இழுத்தாள். விடவில்லை. கை முழங்கைவரை கல்லாய்க் குளிர்ந்தது. ஐயோ, தோள்வரை. மறு கையால் விசிலை வாயில் வைத்து மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

வெளியே ஹாரன் அடித்தது. ஒரே ஒரு தடவை.