மரியரட்ணத்தைத் தேடி ஏறிய கரடி

திங்கட்கிழமை, பிற்பகல் 2.40.

கனடாவில், மோர்னிங்சைட் வீதியை ஒட்டிய அந்தச் சின்னத் தெருவில் யூஜினி ஒரே யன்னற் கண்ணாடியை நாலாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுக்கான கண்ணாடி அல்ல. எதிர்வீடு நன்றாகத் தெரியும் கண்ணாடி. வெள்ளிக்கிழமைதான் திரும்பவேண்டிய வேட்டை வான் நாலு நாள் முந்தியே அந்த வீட்டு வாசலில் வந்து நின்றதும் துணியைப் போட்டுவிட்டு ஓடினார். செருப்பு கால்மாறிப் போனது போனதுதான்.

எதிர்வீட்டு மரியரட்ணத்தின் கரடி வேட்டையைப் பற்றித் தெரியாதவர் தெருவில் இல்லை. ஒன்பது வருடம் காத்திருந்த வேட்டை. துவக்கு லைசென்ஸ் சோதனையில் இரண்டு தடவை தவறி, கொரோனாவில் இரண்டு வருடம் போய், முழங்கால் ஒப்பரேஷனில் ஒரு வருடம் போய், கடைசியில் இந்த மே மாதம்தான் வடக்கே பத்து மணி நேர ஓட்டத்தில் வேட்டைக்கு வழிகாட்ட ஒரு கைட் அகப்பட்டிருந்தான். கரடி இன்னும் சாகவில்லை. ஆனால் அதன் தோலை எந்தச் சுவரில் அடிப்பது என்று போன வருடமே முடிவாகியிருந்தது.

வான் கதவு திறந்தது. மரியரட்ணம் இறங்கவில்லை. அறுபத்திரண்டு வயது மனிதர் இருக்கையின் மூலைக்குள் ஒடுங்கி, ஆட்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வானை ஓட்டிவந்த அவருடைய மச்சான் சீமோன் சாமான்களை இறக்கத் தொடங்கினான். நடந்ததைச் சொன்னவர் கூடப்போன சிநேகிதர் அகஸ்ரின்.

“கரடி இவர் இருந்த மரத்தில ஏறிப்போட்டுது. மாதாவின்ர கிருபை, உயிர் தப்பினது. ஜெனாட், நீங்கள் கவலைப்படாதேங்கோ. உங்கட ரோல்ஸ் மணத்துக்குத்தான் ஏறியிருக்கு. தெரியாமல் வைச்சுப்போட்டியள்.”

“ரோல்ஸோ?” என்றார் மரியரட்ணம். “என்ன ரோல்ஸ்?”

அவருடைய மனைவி ஜெனாட் வான் கதவருகே வந்தார். “பசி கிடப்பியள் எண்டு... அடிப் பொக்கற்றுக்குள்ள ஒளிச்சு வைச்சனான். சொன்னால் எடுத்துப்போடுவியள் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

யூஜினி பதினெட்டு வருடம் விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சோதித்தவர். ஓய்வு பெற்றபின் தெருவாரின் பைகளைச் சோதிக்கிறார். மரியரட்ணத்தின் முதுகுப்பையை யாரும் கேட்காமலே இழுத்தெடுத்தார். முதுகில் படும் மெத்தைப் பக்கம் சப்பித் துப்பிய கரும்புச் சக்கைபோல் கிடந்தது. ஒரு தோள்பட்டியே இல்லை. அடிப் பொக்கற்றின் சிப்பைத் திறந்தார். ஈயத்தாளில் சுற்றிய, இறைச்சி வைத்துப் பொரித்த ஆறு ரோல்ஸும் போட்டபடியே இருந்தன. பெருஞ்சீரக மணம் மூக்கில் அடித்தது.

பிற்பகல் 3.15.

குசினி மேசையில் ஜெனாட் வைத்த தேத்தண்ணி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. மரியரட்ணம் கோப்பையைத் தொடவில்லை. ஜெனாட் வெளியே போன பிறகுதான் பேசினார், அதுவும் கதவைப் பார்த்தபடி.

“யூஜினி, பிரிட்ஜில ஒட்டியிருக்கிற பேப்பரை வாசி. மரத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகக்கூடாது, மணந்தால் கரடி ஏறும் எண்டு கைட் எழுதி அனுப்பினது. ஜெனாட் வாசிச்சவள். வாசிச்சுப்போட்டுத்தான் வைச்சவள்.”

“விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. முப்பத்தைஞ்சு வருசம் சமைச்சுப் போட்ட மனிசி.”

“அதுதான் பயமாயிருக்கு. கொல்ல நினைக்கிற ஆள் ஒருக்காலோட விடுமோ? நான் ஒஷாவாவுக்குப் போறன், மருமோன் வீட்டை. இண்டைக்கே.”

யூஜினி தன் கோப்பையை வாய்வரை கொண்டுபோனவர், ஒரு கணம் யோசித்துவிட்டுக் கீழே வைத்தார். பயம் தொற்று வியாதி.

“என்ன நடந்தது? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ.”

“நேற்றுப் பின்னேரம் ஆறு பத்து. மரத்தில பதினைஞ்சு அடி உயரத்தில இருக்கிறன். எதிரில கரடிக்கு இரை வைச்ச பீப்பா. கரடி வந்தது. பீப்பாவைத் திரும்பியும் பாக்கேல்லை. மூக்கை உயர்த்தி என்னைப் பாத்தது. பிறகு மரத்தில நகம் பிறாண்டுற சத்தம். ஏறுது யூஜினி, பூனை மாதிரி ஏறுது! துவக்கு கையால விழுந்திட்டுது. அதின்ர மூச்சு என்ர சப்பாத்தில பட்டது. என்ர காலுக்குப் பக்கத்தில கொழுவியிருந்த பையை எட்டி இழுத்துக்கொண்டு கீழ போயிட்டுது. கைட் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வரப் பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசமும் எனக்குக் கீழ இருந்து சப்பிக்கொண்டிருந்தது.”

“பையையோ?”

“பின்னை என்னையோ?”

பிற்பகல் 3.50.

கராஜில் சீமோன் கூலரைக் கழுவிக்கொண்டிருந்தான். யூஜினி வாசலை மறித்து நின்றார்.

“தம்பி, பீப்பாவுக்குள்ள என்ன போட்டனீங்கள்?”

“பழைய டோனட், பொரிச்ச எண்ணெய். பிறகு கைட் சின்னப் போத்தில் ஒண்டு தந்தவன். மரப்பட்டையில ரெண்டு துளி விடச் சொன்னவன். கரடி கிலோமீற்றர் கணக்கில தேடி வருமாம்.”

“என்ன மணம்?”

“இனிப்பு மிட்டாய் மாதிரி. எங்கட பெருஞ்சீரகம் மாதிரியும் இருந்தது.”

“ஆர் விட்டது?”

“நானும் அகஸ்ரின் அண்ணையும். ஏன் அக்கா?”

“பை எல்லாம் எங்க இருந்தது?”

“கபினில. எல்லாருக்கும் ஒரே அறைதான்.” சீமோன் குழாயை மூடினான். “அக்கா, என்னையோ சந்தேகப்படுறியள்?”

“கனடாவில எல்லாரையும் சந்தேகப்படலாம். சட்டத்தில இடமிருக்கு.”

பகிடி விட்டாலும் யூஜினியின் மனம் பையில் அடித்த பெருஞ்சீரக மணத்திலேயே நின்றது. ஜெனாட்டின் ரோல்ஸை இருபது வருடமாகச் சாப்பிட்டுவிட்டு இருபது வருடமாகக் குறை சொல்பவர் யூஜினி. மரியரட்ணத்துக்கு நெஞ்செரியும் என்று அந்த வீட்டுக்குள் பெருஞ்சீரகம் நுழைவதே இல்லை.

பிற்பகல் 4.30.

வாசலில் கார் நின்றது. அகஸ்ரின் சாவியை விரலில் சுழற்றியபடி உள்ளே வந்தார்.

“வா மச்சான். ஒஷாவாவுக்குப் போறியாம் எண்டு ஜெனாட் போனில சொன்னவ. நான் கொண்டுபோய் விடுறன். நீ இஞ்ச இருக்கிறது எனக்கும் நல்லதாப் படேல்லை.”

ஜெனாட் படிக்கட்டில் உட்கார்ந்து தலையில் கை வைத்து அழுதார். மரியரட்ணம் மனைவியைப் பார்த்தார், சிநேகிதரைப் பார்த்தார். துணிப்பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு அடி வைத்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

ஜனவரி நடுவில் இருந்து மரியரட்ணம் அகஸ்ரினின் அந்தக் காரில் ஏறியதில்லை. பூசைக்குக்கூட பஸ். ஜனவரி நடுவில்தான் அந்தக் காருக்குப் புது முன்விளக்கும் வந்தது. இவை யூஜினியின் யன்னற் கண்ணாடி தந்த தகவல்கள்.

யூஜினி கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். ஆறடி உயர மனிதருக்கு முன்னால் ஐந்தடி உயரப் பெண்.

“அகஸ்ரின், ரோல்ஸுக்காக மரம் ஏறின கரடி பத்து நிமிசமா ஏன் ரோல்ஸைத் தொடேல்லை?”

“எனக்கென்ன தெரியும்? கரடியைக் கேளுங்கோ.”

“சப்பினது பையின்ர முதுகை. ரோல்ஸ் ஒரு சாண் கீழ. முதுகில கைட் தந்த போத்தில் மருந்தை ஊத்தியிருக்கு. எங்கட சனத்துக்குப் பெருஞ்சீரகம் மணந்தால் குசினி எண்டுதான் நினைப்பம். மனிசி மேல பழி விழும். நல்ல யோசினை.”

“சீமோனும்தான் போத்தில் பிடிச்சவன்!”

“பிடிச்சவன். ஆனால் அவனுக்கு ரோல்ஸ் இருந்தது தெரியாது. சாப்பிடப்போற மனிசனுக்கே தெரியாது. என்ன ரோல்ஸ் எண்டு கேட்டவர். ஜெனாட் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நான் பையைத் திறக்க முதலே, வானால இறங்கின கையோட, ரோல்ஸ் எண்டு சொன்னது நீங்கள். உங்களுக்கு ஆர் சொன்னது?”

சாவி சுழல்வது நின்றது.

“பையைத் துழாவினபோது கண்டிருக்கிறியள்,” என்றார் யூஜினி. “சாட்டுக்கு உதவும் எண்டு அப்பிடியே விட்டிருக்கிறியள். ஏன் எண்டது மட்டும்தான் எனக்குத் தெரியாது. அது மரியரட்ணம் அண்ணைக்குத் தெரியும். ஜனவரியில என்ன நடந்தது, அண்ணை?”

மரியரட்ணம் நிலையைப் பிடித்தபடியே கீழே சரிந்து உட்கார்ந்தார்.

“பஸ் தரிப்பில இருந்து ஒரு மனிசி ரோட்டைக் கடந்தவ. அகஸ்ரின் இடிச்சான். நிப்பாட்டேல்லை. நான் பக்கத்தில இருந்தன். கால் ரெண்டும் முறிஞ்சு இப்பவும் நடக்கேலாமல் இருக்கிறாவாம், ரேடியோவில சொன்னது. பொலிசுக்குச் சொல்லுவன் எண்டு இவனிட்டச் சொன்னனான். ஆனால் வேட்டை முடியட்டும் எண்டன். சொன்னால் விசாரணை, கோடு கச்சேரி எண்டு அலையவேணும், துவக்கு லைசென்ஸும் போயிடும் எண்டு...” அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். “ஒரு கரடிக்காக நாலு மாதம் வாய் மூடியிருந்தனான்.”

“ஓம், மூடியிருந்தனி!” அகஸ்ரின் சீறினார். “நீயும்தான் உள்ள போவாய். பையில அந்த மருந்து இருந்ததெண்டு ஆர் சாட்சி? கரடியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ கோட்டுக்கு!”

யூஜினியைத் தோளால் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்து போனார். கார் சில்லுகள் கீச்சிட்டன. சீமோன் ஓடிவந்து கதவைப் பூட்டினான். சங்கிலியையும் போட்டான்.

மாலை 4.55.

மரியரட்ணம் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார். முதலில் தன் பெயரைச் சொன்னார். பிறகு அகஸ்ரினின் பெயரை. பிறகு தேதியை. எவ்வளவு காலமாகத் தெரியும் என்று மறுமுனையில் கேட்ட பெண்ணுக்கு, “நாலு மாதம்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஜெனாட் படிக்கட்டில் இருந்து எழுந்து வந்து, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் பக்கத்தில் நின்றார்.

இப்போது வீட்டில் யாரோடு இருக்கிறீர்கள், பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள்.

மரியரட்ணம் திரும்பி மனைவியைப் பார்த்தார். மறுமுனைக்கு விளங்காது என்ற நினைவே இல்லாமல் தமிழில் சொன்னார்.

“என்ர மனிசியோட இருக்கிறன். பயமில்லை.”