ஊர்பேர் தெரியாத அலறல்

அடுப்படியில் மனைவி குக்கர் மூடியில் கையைச் சுட்டுக்கொண்டு "ஆ" என்று கத்தியபோது அவன் ஓடிப்போய்ப் பார்க்கவில்லை. கூடத்து நாற்காலியிலேயே விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். அந்த "ஆ" அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த "ஆ".

"கை வெந்தாகூட எட்டிப் பாக்க மாட்டீங்க. அந்தப் பாழாப்போன படத்துல யாராவது கத்தினா மட்டும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காருவீங்க" என்றாள் உள்ளேயிருந்து.

பழைய மட்டரகத் திகில் படங்கள் என்றால் அவனுக்கு உயிர். பூதத்தின் முதுகில் ஜிப் தெரியும் படங்கள், ஓட்டிய தியேட்டர்காரனே மறந்துபோன படங்கள். கட்டிலுக்கு அடியில் ஓநாய் மனிதர்களும் மண்டையோடுகளும் அட்டையில் பல்லிளிக்கும் காமிக்ஸ் கட்டுகள். அந்தப் படங்களை எடுத்தவர்கள் கஞ்ச மகாராஜாக்கள். கத்துவதற்கென்று ஒரு பெண்ணைக் கூப்பிட்டுப் பதிவு செய்ய மனம் வராமல், எங்கிருந்தோ கிடைத்த ஒரே அலறலை எல்லாப் படத்துக்கும் ஒட்டினார்கள். கிணற்றில் விழும் நாயகிக்கும் அதுதான், பிணவறையில் மாட்டிக்கொண்ட நர்ஸுக்கும் அதுதான். கத்தியது யார் என்று ரசிகர்கள் பல வருடமாக அடித்துக்கொள்கிறார்கள்.

அவனுக்கு அது மனப்பாடம். தொடக்கத்தில் தொண்டை ஒருமுறை இடறும். பிறகு ஏறும். பாதியில் துணி கிழிவதுபோல் இரண்டாகப் பிளக்கும். போன் மணியாகக்கூட அதைத்தான் வைத்திருந்தான். அவன் வேலை பார்க்கும் காதுக் கருவிக் கடையில் முதலாளி சத்தம் போட்ட பிறகுதான் மாற்றினான். குக்கர் மூடி சுட்டபோது மனைவியின் தொண்டையில் கேட்டது அதே இடறல்.

அன்று சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனை மாட்டினான். பழைய பிலிம் பெட்டிகளைச் சேர்த்துவைக்கும் கூட்டாளி ஒருவன் உண்டு, பட்டப்பெயர் டப்பா. அந்த அலறலின் அசல் ஒலிநாடா எங்கேயோ சிக்கியதாகச் சொல்லி அவன்தான் பிரதி அனுப்பியிருந்தான். கடையில் நோயாளிகளின் காதைச் சோதிக்கும் அதே பொறுமையோடு இவன் இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தெடுத்தான். மழைச் சத்தம் போன்ற கரகரப்பு போனது, மின்சாரத்தின் ரீங்காரம் போனது, பிறகு யாரும் இல்லாத ஓர் அறையின் வெறுமை மட்டும் மிஞ்சியது. இல்லை, யாரோ இருந்தார்கள். அலறலுக்கு அடியில், மைக்குக்கு வெகு அருகில், அவசரமே இல்லாத ஒரு மூச்சு.

கத்தியது மனைவிதான். அதில் துளி சந்தேகமும் இல்லை.

டப்பாவுக்குப் போன் போட்டான்.

"உனக்கு மூளை கலங்கிடுச்சாடா? அந்தப் படமெல்லாம் வந்தப்போ அவங்க பொறக்கவே இல்ல."

"தெரியும்."

"அப்புறம் எப்ப போய்க் கத்தினாங்களாம்?"

"இன்னும் கத்தல" என்றான்.

டப்பா போனை வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

மறுநாள் முதல் அவன் கடைக்குப் போகவில்லை. அவள் கத்தப் போகிறாள். கத்தும்போது பக்கத்தில் எவனோ நிற்கப் போகிறான். அவளைத் தனியாக விடாமல் இருந்தால் எவன் வர முடியும்? கத்திகளை எடுத்துப் பீரோவில் பூட்டினான். மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு. கேஸ்காரன் மணி அடித்தபோது ஜன்னல் வழியாகவே திட்டி விரட்டினான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே அலைந்தான்.

வீடும் அவனுக்கு எதிராகத் திரும்பிக்கொண்டது போலிருந்தது. வாஷிங் மெஷின் சுற்றி நின்ற பிறகும் அதற்குள் ஏதோ ஈரமாகப் புரண்டுகொண்டிருந்தது, குளியலறைக் குழாய் தொண்டையைச் செருமியது, நடைவழியில் பழைய காகிதமும் அவிந்த துணியும் கலந்த ஒரு வாடை அவன் போகும் இடமெல்லாம் கூடவே வந்தது. துவைத்த சட்டையை மாற்றிப் பார்த்தான். வாடை போகவில்லை.

"குளிக்கிறப்போ வெளியில நின்னுக்கிட்டு எதுக்கு மூச்சு விடுறீங்க? அசிங்கமா இருக்கு" என்றாள்.

"உன் நல்லதுக்குத்தான்."

"எனக்கு உங்களைப் பாத்தாத்தான் பயமா இருக்கு."

கோபம் சுருக்கென்று ஏறியது. தூக்கம் கெட்டு, வேலை கெட்டு, இவளுக்காக நாயாய்க் காவல் காத்தால் பேச்சைப் பார்!

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். வெயில் கூடம் முழுக்கக் கொட்டிக் கிடந்தது. அவள் பெட்டியோடு படுக்கையறையிலிருந்து வந்தாள்.

"அக்கா வீட்டுக்குப் போறேன். தள்ளுங்க."

கதவை மறித்து நின்றான். வெளியே விடவே கூடாது. வெளியேதான் அந்த மூச்சுக்காரன் இருப்பான்.

"தள்ளுங்கன்னா!"

தள்ளவில்லை. தெருவில் சத்தமில்லை. மேல்வீட்டில் சத்தமில்லை. மின்விசிறிகூட நின்றிருந்தது.

மூச்சு கேட்டது. வெகு அருகில். அவசரமே இல்லாமல்.

சுற்றிப் பார்த்தான். ஒருவரும் இல்லை. மூச்சை அடக்கிப் பார்த்தான்.

அதுவும் அடங்கியது.

அவள் கையிலிருந்த பெட்டி கீழே விழுந்தது. அவள் கதவைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் எதையும் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தாள். ஓரடி பின்வாங்கினாள். இன்னோர் அடி. சுவர்.

பயப்படாதே என்று சொல்ல வாயைத் திறந்தான்.

திறந்தது. திறந்துகொண்டே போனது. தாடை கழுத்தைத் தாண்டியது. முதல் பொத்தானைத் தாண்டியது. வலியே இல்லை.

அவள் தொண்டை ஒருமுறை இடறியது. பிறகு கத்தினாள்.

வெயிலில், கதவை அடைத்துக்கொண்டு, தாடை நெஞ்சில் கிடக்க, கண்ணை மூடித் தலையை ஒருபக்கம் சாய்த்து அவன் அதைக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தான்.